ஊறல் நாடகமும் ஒன்ஸ்மோரும்

நான் மேடை ஏறியது ஒரே ஒரு முறைதான். அதைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். திமிர் பிடித்தவள் என்றார்கள். ஆட்டக்காரி என்றார்கள். புருஷன் செத்தவளுக்குப் பூ கேட்கிறதா என்றார்கள். ஆமாம், கேட்டது, வைத்துக்கொண்டேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. சத்துணவுத் திட்டம் வந்த புதிது. ஆதரவில்லாத பெண்களுக்கு முன்னுரிமை என்று சொன்னதால், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. அரிசி களைவேன், காய் நறுக்குவேன், அண்டா தேய்ப்பேன். சமையல் கொட்டகை எங்கள் ஊர் அண்ணாமலை மலையைப் பார்த்தபடி இருக்கும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் புகை முழுக்க என் முகத்தில்தான். இருந்தாலும் சொந்தச் சம்பாத்தியம். எனக்கும் என் மாமியாருக்கும் அதுதான் சோறு.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில்தான் சாயந்தரங்களில் நாடக ஒத்திகை நடக்கும். ஊர்க் கடைக்காரர்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் சேர்ந்து நடத்திய சபா. வருஷத்துக்கு ஒரு நாடகம், காணும் பொங்கல் அன்று பள்ளிக்கூட மைதானத்தில் போடுவார்கள். ஹால் சாவி என்னிடம் இருந்ததால் அவர்கள் முடித்துவிட்டுப் போகிறவரைக்கும் நானும் இருக்க வேண்டியிருக்கும். சும்மா இருப்பானேன் என்று மறுநாளைக்கான அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பாட்டுக் கேட்பேன்.

அந்த வருஷம் எடுத்தது ஒரு பழைய நாடகம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, சாராயக் கடைகளை எல்லாம் மூடி, மதுவிலக்கு போட்டிருந்த ஐம்பதுகளில் எங்கள் பக்கத்து நாடகக்காரர் ஒருவர் எழுதியது. கதையும் அந்த மதுவிலக்குக் காலத்தில்தான் நடக்கிறது. திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிறவன் ஒருவன், அவன் பெண்டாட்டி, அவனைப் பிடிக்க அலைகிற ஒரு போலீஸ்காரர். பேசுவது கம்மி, பாடுவது ஜாஸ்தி. வெல்லமும் வேலம்பட்டையும் பானையில் போட்டு மண்ணில் புதைத்து நுரைக்க விடுவதைத்தான் எங்கள் பக்கம் ஊறல் என்போம். நாடகத்துக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் ஊரில் எல்லாரும் அதை ஊறல் நாடகம் என்றே சொன்னார்கள்.

ஆர்மோனியம் வாசித்தவரை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். சிடுசிடுப்பான மனுஷர். இள வயதில் இதே நாடகத்துக்கு வாசித்திருக்கிறார். பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாராவது சுருதி விலகினால் துருத்தியை நிறுத்திவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவார். தப்புப் பண்ணியவர் தானாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும் எடுக்க வேண்டும்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான். சாராயத்தை லாரி டியூபில் நிரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு, நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி இடுப்பைப் பிடித்தபடி நடந்து போவாள் பெண்டாட்டி. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "பாத்து போம்மா, எத்தினி மாசம்?" என்று கேட்பார். போலீஸ்காரராக நடித்தவர் ஒரு லைன்மேன். கம்பத்தில் ஏறுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். கைத்தட்டல் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

கடைசிக் காட்சிதான் வேறு. காய்ச்சுகிறவன் கூலிக்கு ஆசைப்பட்டு, எவனோ எதையோ கலந்து விற்கக் கொடுத்த சரக்கைத் தானே குடித்துவிடுகிறான். செத்துப் போகிறான். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறாள். அந்தப் பாட்டை வாத்தியார் முதன்முதலாக வாசித்துக் காட்டிய சாயந்தரம் நான் முறத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

பட்டப் பகலிலே விளக்கேத்தச் சொன்னாரே
பக்கத்தில் நின்றேன், யாரென்று கேட்டாரே
தொட்டுத் தடவி என் முகம் பார்த்தாரே
தூக்கமும் இல்லாமல் கண் மூடிப் போனாரே

என் கையிலிருந்த முறம் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் என் புருஷனும் காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம், "இன்னாம்மே, இருட்டிக்கினு கீது, விளக்க ஏத்த மாட்டியா?" என்றுதான் கேட்டார். மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது.

அவர் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம், மூட்டை தூக்கினவர். எழுபதுகளில் கொஞ்ச நாள் சாராயக் கடையைத் திறந்தார்கள், பிறகு மூடினார்கள். மூடியிருந்த அந்தக் காலத்தில்தான் மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலைப் பக்கத்து முள்ளுக் காட்டில் ராத்திரியெல்லாம் அடுப்பு எரியும். விடிவதற்குள் டியூபில் ஏறி மண்டிக்கு வந்துவிடும். முதுகு வலிக்கு ஒரு கிளாஸ் என்று எல்லாக் கூலிக்காரர்களும் குடித்தார்கள். ஒருநாள் வந்த சரக்கில் வார்னிஷ் கலந்திருந்தது. அது முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் சாவு.

நாலு வீட்டிலும் வயிற்று வலி என்று சொன்னார்கள். சொல்ல வைத்தார்கள். அந்தச் சரக்கைக் காய்ச்சினவனுடைய ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். குடித்ததே குற்றம், போலீஸ் கேஸ் ஆகும், ஆஸ்பத்திரியில் பிணத்தைக் கீறிப் போட்டுவிடுவார்கள், மீதி இருப்பவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது என்றார்கள். என் மாமியார் என் வாயைப் பொத்தினாள். "வயித்து வலின்னு சொல்லு. எம் புள்ளைய முழுசா அனுப்பணும்" என்றாள். அதற்கப்புறம் அந்த வார்த்தையே எங்கள் வீட்டு உண்மை ஆகிவிட்டது. ரேஷன் கடையிலும் வயிற்று வலி, வேலைக்கு மனுப் போட்டபோதும் வயிற்று வலி. அவருக்குப் பிறந்ததிலிருந்து வயிறு வலித்ததே கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

காய்ச்சினவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். எண்பதுகளில் மறுபடியும் கடை திறந்தபோது ஏலத்தில் எடுத்தவனும் அவனேதான். அப்போது அவன் காண்ட்ராக்டர் ஆகிவிட்டான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு மோர்ப் பந்தல். எனக்கு மரியாதையாக 'அவர்' என்று எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

பெண் வேஷத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் வர மாட்டார்கள். வேலூர்ப் பக்கமிருந்து நடிகையை அழைத்து வருவதுதான் வழக்கம். அந்த வருஷம் பேசி வைத்திருந்த நடிகை பொங்கல் நெருங்குகிற நேரத்தில் வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டு போய்விட்டாள். சபாச் செயலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். துணிக்கடைக்காரர், நல்லவர், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். ஆம்பளைக்கே சேலை கட்டி விடலாமா என்று பேச்சு ஓடியது. லைன்மேன் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நான் போடறேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையில் விளக்குமாறோடு நின்றிருந்தேன். செயலாளர், "ஏம்மா, நீ எப்படிம்மா..." என்று இழுத்தார். எப்படி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்டாட்டி கடைசிக் காட்சிவரைக்கும் சுமங்கலி. பொட்டு வேண்டும், பூ வேண்டும், கை நிறைய வளையல் வேண்டும்.

வாத்தியார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. துருத்தியை இழுத்து அந்தக் கடைசிப் பாட்டுக்குச் சுருதி கொடுத்தார். நான் நின்ற இடத்திலேயே பாடினேன். பாடி முடித்தபோது அவர் வெற்றிலைப் பெட்டியைத் தொடவில்லை.

வீட்டில் வெடித்தது பாருங்கள் ஒரு சண்டை. மாமியார் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"பொட்டு வெச்சிக்கினு ஊரு முன்னால நிக்கப் போறியா? எம் புள்ள மானத்த வாங்கறதுக்கு வேற வழியே தெரியலியா உனக்கு?"

"அத்த, வயித்து வலின்னு சொல்லி சொல்லி நாமதான் அவரு மானத்த வாங்கிக்கினு இருக்கோம்."

"மூடு வாய."

"இத்தினி வருசமா மூடிக்கினுதான் இருக்கேன்."

அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே அடுப்பு, ஒரே பாய் விரிக்கிற அறை, அதில் இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி நடமாடினோம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒத்திகைக்கு ஒரு நாள்கூடத் தப்பாமல் போனேன்.

அதற்குள் இன்னொரு விஷயம் நடந்தது. பந்தல், மைக் செட், சீரியல் பல்பு எல்லாம் தன் செலவு என்று காண்ட்ராக்டர் சபாவுக்குச் சொல்லியனுப்பினான். தலைமை தாங்குவதும் அவனே. சாராயம் காய்ச்சுகிற கதைக்குச் சாராயக் கடைக்காரன் தலைமை. செயலாளருக்கு அது விநோதமாகவே படவில்லை, பந்தல் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். நாடகம் சிரிப்பு நாடகம் என்றுதான் காண்ட்ராக்டரும் நினைத்திருக்கிறான். நான் நடிக்கிறேன், இன்ன பாட்டைப் பாடுகிறேன் என்று எவனோ காதில் போட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது.

செயலாளர் சமையல் கொட்டகைக்கே வந்துவிட்டார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த விளக்கு ஏத்தற அடி மட்டும் வேணாம்மா. மீதி பாட்டெல்லாம் பாடு. அவரு பிரியப்படல."

"யாரு பிரியப்படல?"

"உனக்குத் தெரியாதா? ஏம்மா என்னை வம்புல மாட்டி விடற? அவரு நெனச்சா உன் வேலையும் போயிடும்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியை வீசியிருப்பேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்ததால் வீசவில்லை. "அந்த அடிக்காகத்தாங்க நான் வேசமே போடறேன். அது இல்லன்னா லைன்மேன் அண்ணனுக்கே சேலைய கட்டி விடுங்க" என்றேன். அவர் வாத்தியாரிடம் முறையிடப் போனார். வாத்தியார், "எழுதினத வாசிப்பேன். எழுதாதத வாசிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காண்ட்ராக்டர் அதற்குமேல் யாரிடமும் பேசவில்லை. அவன் வேறு ஏற்பாடு செய்துவிட்டான். அது என்ன என்று புரிய, எங்கள் பக்கத்து மேடை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் ஒன்ஸ்மோர் என்று கூவினால், அந்தப் பாட்டை மறுபடியும் பாடியே தீர வேண்டும். தொண்டை கட்டினாலும், கதை எங்கே நின்றாலும் பாட வேண்டும். செத்து விழுந்தவன்கூட எழுந்து நின்று பாடிவிட்டு மறுபடியும் படுத்துச் செத்த கதையெல்லாம் உண்டு. ஒன்ஸ்மோரை மறுத்தால் சபையை அவமதித்த மாதிரி. அதே சமயம், மைக்குக்குப் போலீஸ் கொடுத்த அனுமதி ஒன்பதரை வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் காண்ட்ராக்டர் தன் கடையில் எப்போதும் கிடக்கிற ஆட்களைக் கூட்டி வந்து, தன் நாற்காலிக்குப் பின்னாலேயே உட்கார வைத்திருந்தான். லைன்மேன் பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் போட வேண்டும், நிறுத்தாமல் போட வேண்டும், கடைசிக் காட்சி வருவதற்குள் நேரம் தீர்ந்துவிட வேண்டும். வேலைக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று வரும்போதே அவர்களுக்கு வேண்டிய மட்டும் ஊற்றியும் கொடுத்திருந்தான். இதெல்லாம் அந்தக் கும்பலில் ஒருவன் பிற்பாடு டீக்கடையில் தானே சொல்லிச் சிரித்தது.

காணும் பொங்கல் சாயந்தரம் மைதானம் நிரம்பிவிட்டது. நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நான் திரையை விலக்கிப் பார்த்தபோது பெண்கள் பக்கத்தில் கயிற்றை ஒட்டி என் மாமியார் உட்கார்ந்திருந்தாள். வர மாட்டேன் என்றவள். பின்னால் கேட்டபோது, நான் எந்த அளவுக்குக் கெட்டுப் போகிறேன் என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தர் எனக்கு முல்லைப் பூ வைத்துவிட்டார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் என் தலையிலிருந்து பூ வாசனை வந்தது. கண்ணாடியில் பொட்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஏன் நன்றாக இருக்கக் கூடாது?

நான் மேடையில் வந்து நின்றதும் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. டியூபைக் கட்டிக்கொண்டு இடுப்பைப் பிடித்து நான் நடந்தபோது அதே பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பயம் விட்டுப் போயிற்று. முன்வரிசையில் ரோஜா மாலை போட்ட கழுத்தோடு காண்ட்ராக்டரும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் லைன்மேன் பாட்டு. சாராயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று போலீஸ்காரர் வீடு முழுக்க மோந்து மோந்து தேடுகிற பாட்டு. முடிந்ததும் முன்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒன்ஸ்மோர் என்று கூச்சல் கிளம்பியது. பாடினார். மறுபடியும் ஒன்ஸ்மோர். பாடினார். மறுபடியும். அவருக்கோ தலைகால் புரியவில்லை. தன் பாட்டுக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று நாய் மாதிரி நாலு காலில் போய் மோந்து பார்த்தார், மேடையின் கம்பத்தையே மோந்து பார்த்தார். ஜனங்களும் ஆரம்பத்தில் சிரித்தார்கள், பிறகு நெளிய ஆரம்பித்தார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற நிஜப் போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைத் திரை ஓரத்திலிருந்து பார்த்தேன். இத்தனை சண்டை போட்டு, பொட்டு வைத்து, பூ வைத்து, கடைசியில் பாடாமலே இறங்கப் போகிறேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

லைன்மேன் மூச்சு வாங்க நின்ற ஒரு நொடியில், வாத்தியார் அவருக்குச் சுருதி கொடுக்காமல் என் பாட்டுக்குச் சுருதி கொடுத்தார். ஒத்திகையில் இல்லாத வேலை. லைன்மேன் திகைத்துத் திரும்பினார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதாநாயகன் அவசர அவசரமாக வந்து விழுந்து செத்தான். நான் உட்கார்ந்து பாடினேன்.

முதல் தடவை நாடகக்காரி மாதிரிதான் பாடினேன். சுருதி தவறக் கூடாது, வார்த்தை மறக்கக் கூடாது என்ற எண்ணம்தான். விளக்கு ஏற்றுகிற அடி வந்தபோது மைதானம் அடங்கிவிட்டது. பாட்டு முடிந்தது.

"ஒன்ஸ்மோர்" என்று ஒரு கூச்சல்.

காண்ட்ராக்டருடைய ஆட்கள்தான். வயிற்றுக்குள் போனது தலைக்கு ஏறியிருந்தது. எந்தப் பாட்டுக்கு என்பதெல்லாம் மறந்து, பாட்டு முடிந்தால் கத்த வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு நினைவில் நின்றிருந்தது. பாவம், உழைத்தார்கள். காண்ட்ராக்டர் திரும்பி வேண்டாம் என்று கையை ஆட்டினான். போதவில்லை, இன்னும் சத்தமாக என்கிறார் போலிருக்கிறது என்று அவர்கள் விசிலும் சேர்த்து அடித்தார்கள்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். "கேட்டுட்டாங்க. பாடியாகணும்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாம் தடவை பெண்கள் பக்கம் திரும்பிப் பாடினேன். எங்கள் தெருப் பெண்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். சாவு விழுந்த மற்ற மூன்று வீட்டுப் பெண்களின் முகம் எனக்குத் தனியாகத் தெரிந்தது. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என் மாமியார் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை.

மறுபடியும் ஒன்ஸ்மோர். இந்தத் தடவை அந்த ஆட்கள் மட்டும் இல்லை, ஆண்கள் பக்கம் பின்வரிசையில் நின்ற மண்டிக் கூலிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். அவர்கள் குடித்துவிட்டுக் கேட்கவில்லை. பந்தோபஸ்துப் போலீஸ்காரரும் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார்.

பாடுகிறவர்கள் சொந்தமாக ஒன்றிரண்டு அடி போட்டுப் பாடுவது எங்கள் மேடையில் சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் தடவை பழைய அடியைப் பாடிவிட்டு, எழுந்து மேடையின் முன்னால் வந்தேன். அதே மெட்டில் எனக்கு வந்ததைப் பாடினேன்.

ஊறல் போட்டவன் உட்கார்ந்திருக்கானே
ஊரு முன்னால மாலை போட்டுக்கினே
நாலு வீட்டுல நெருப்ப வெச்சவனே
நல்லா இருக்கானே, நான் பாத்து நிக்கறேனே

வாத்தியார் ஒரு கட்டையும் தவறாமல் கூடவே வந்தார். நான் விரலை நீட்டவில்லை. நீட்ட வேண்டிய அவசியமே இல்லை, மைதானத்தில் இருந்த எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. காண்ட்ராக்டர் எழுந்தான். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தான். அவன் ஆட்களில் ஒருவன் அப்போதும் ஒன்ஸ்மோர் என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் வாயைப் பொத்தினார்கள்.

நானும் மாமியாரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். வழி முழுக்க அவள் எனக்கு இரண்டு அடி முன்னாலேயே நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. வீட்டுக்கு வந்து பொட்டை அழித்தேன், வளையலைக் கழற்றினேன். பூவை மட்டும் எடுக்க மனம் வரவில்லை, அப்படியே படுத்துவிட்டேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது காண்ட்ராக்டரிடம் கணக்குப் பார்க்கிற ஆள் வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்க்கவே இல்லை. மாமியாரிடம் பேசினான்.

"இந்தாம்மா, உன் மருமவ மேடையில கண்டபடி பாடிட்டா. மொதலாளி மனசு நொந்து போயிட்டாரு. நீ பெத்தவ. உன் புள்ள வயித்து வலியில செத்தான்னு பள்ளிக்கூடத்தாண்ட வந்து பெரிய மனுசங்க முன்னால ஒரு வார்த்த சொல்லிடு. எல்லாம் சரியாப் பூடும். இல்லன்னா இன்னியோட இவளுக்கு வேல இல்ல. பாத்துக்க."

மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வந்து சொல்லணும்?" என்று கேட்டாள்.

போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"பள்ளிக்கூடத்துக்கு வா."

"அங்க வர்றது இன்னாத்துக்கு? இங்கியே சொல்றேன்."

அவள் தெருவில் இறங்கி நின்றாள். குழாயில் தண்ணீர் பிடிக்க வந்திருந்த பெண்கள் குடத்தோடு நின்று பார்த்தார்கள்.

"எம் புள்ள சாராயம் குடிச்சி செத்தான். உங்க மொதலாளி டியூப்புல அடைச்சி வித்தானே, அந்தச் சாராயம். கண்ணு அவிஞ்சி செத்தான். வயித்து வலி இல்ல. நான் பொய் சொன்னேன், சொல்லச் சொன்னது உங்க ஆளுங்க. போ, போயி சொல்லு."

கத்தவில்லை. தண்ணீர் வந்ததா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அந்த ஆள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பறம் என்னை சொல்லக் கூடாது" என்று முனகிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

அவன் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அப்படியே தெருவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, குரல் எடுத்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

என் புருஷன் செத்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒப்பாரி வைக்கவில்லை. எங்கள் பக்கத்து ஒப்பாரியில் செத்தவன் எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான் எல்லாவற்றையும் சொல்லித்தான் அழ வேண்டும். பாதியை மறைத்து ஒப்பாரி பாட வராது. போலீஸ் காதில் விழக் கூடாது என்று அன்றைக்கு வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதோம், பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். மற்ற மூன்று வீட்டிலும் அப்படித்தான். இத்தனை வருஷம் கழித்து, வெயில் ஏறுகிற நேரத்தில், நடுத்தெருவில் அவள் மூட்டை தூக்கின தோளைச் சொல்லி அழுதாள். முள்ளுக் காட்டு அடுப்பைச் சொல்லி அழுதாள். காய்ச்சினவன் பெயரைச் சொல்லி அழுதாள்.

குழாயடியிலிருந்து ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டு வந்து அவள் தோளில் கை போட்டு உட்கார்ந்தாள். அவளும் அந்த மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரிதான். பிறகு இன்னொருத்தி வந்தாள். மூன்றாவது வீட்டுக் கிழவியைப் பேத்தி கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது தெருவரைக்கும் கேட்டது. போனால் காலில் விழுந்தாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருந்தது. நான் ஹால் சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அவர்களோடு போய் உட்கார்ந்தேன்.